4.90 மீட்டரில் இரண்டு தங்கம்

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை 6.04 மணிக்குச் சந்திரயான் 3 நிலவில் தரையிறங்கியது. அன்று எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதால், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைப் போல வீடு வீடாக மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார். இரவு பதினொரு மணி வாக்கில் எல்லோரும் படுத்த பிறகு, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, புடாபெஸ்டில் நடந்துகொண்டிருந்த உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கான கோலூன்றித் தாண்டுதல் இறுதிச் சுற்றைப் பார்க்க நான் உட்கார்ந்தேன். நிலவில் இறங்கிய நாளிலேயே மூன் என்ற பெயர் கொண்ட ஒருவர் தங்கம் வெல்லப்போகிறார் என்றோ, அந்தத் தங்கத்தில் பாதியை அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார் என்றோ எனக்கு அப்போது தெரியாது. ‘பாதியைக் கொடுப்பார்’ என்று எழுதியதும் அது தவறான சொல் என்று படுகிறது. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கோலூன்றித் தாண்டுதலைத் தொலைக்காட்சியில் முழுமையாகப் பார்க்கக் கிடைப்பது அரிது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீளும் போட்டி அது. இடையிடையே ஓட்டப் பந்தயங்கள் வந்துவிட்டால் ஒளிப்பதிவுக் கருவிகள் எல்லாம் ஓடுபாதைப் பக்கம் திரும்பிவிடும். அன்றிரவும் அப்படித்தான் ஆனது. ஆண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் கார்ஸ்டன் வார்ஹோம் வென்றார், பெண்கள் 400 மீட்டரில் மரிலெய்டி பாலினோ வென்றார், 1500 மீட்டரில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட யாகோப் இங்கெப்ரிக்ட்சனை ஜோஷ் கெர் கடைசி நேரத்தில் முந்தினார். அவை ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய ஓட்டங்கள்தாம். ஆனாலும் ஒவ்வொரு ஓட்டம் முடிந்து படம் தாண்டுமிடத்துக்குத் திரும்பும்போது, குறுக்குக்கம்பி ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதும் போட்டியில் இருந்த ஒருவர் காணாமல் போயிருப்பதும், நல்ல கதையொன்றில் நடுநடுவே பக்கங்கள் கிழிந்து போனதைப் போன்ற எரிச்சலைத் தந்தன.

போட்டிக்கு வந்தவர்களில் அமெரிக்காவின் கேட்டி மூன் முன்னணியில் இருந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், திருமணத்துக்கு முன்பிருந்த கேட்டி நாஜோட் என்ற பெயரில், 4.90 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர் அவர். அந்த டோக்கியோ இறுதிச் சுற்றில் தொடக்க உயரமான 4.50 மீட்டரிலேயே முதல் இரண்டு முயற்சிகளையும் தவறவிட்டு, மூன்றாவதும் தவறினால் எந்த உயரமும் இல்லாமல் வெளியேற வேண்டும் என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்பது புரியும். 2022இல் யூஜீன் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் அவருக்கே தங்கம். அங்கே வெண்கலம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் நினா கென்னடி. அதே ஆண்டு பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கத்தை வென்றிருந்தாலும், டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குள்ளேயே நுழைய முடியாமல் போன வலி அவருக்கு இருந்தது. புடாபெஸ்டுக்கு வரும்போது அவருடைய சிறந்த உயரம் 4.82 மீட்டர். மூன்றாமவராக ஃபின்லாந்தின் வில்மா முர்டோவைச் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு மியூனிக்கில் 4.85 தாண்டி ஐரோப்பியச் சாம்பியனானவர் அவர்.

இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தாண்டியவன் அல்லன். கல்லூரியில் படித்த காலத்தில் உயரம் தாண்டுதலில் இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் கம்பியோடு சேர்ந்து மெத்தையில் விழுந்ததோடு என் தடகள வாழ்க்கை முடிந்தது. அதன் பிறகு மாவட்ட அளவிலான போட்டிகளில், விழுந்த குறுக்குக்கம்பியை எடுத்துத் திரும்ப வைக்கும் தன்னார்வப் பணியைச் செய்தேன். நுனியில் கவை உள்ள இரண்டு நீண்ட கழிகளைக் கொண்டு, ஆளுக்கொரு முனையாக இருவர் சேர்ந்து கம்பியை மேலே தூக்கி, இரு பக்கத் தூண்களிலும் துருத்திக்கொண்டிருக்கும் சிறு முளைகளின் மேல் அமர்த்த வேண்டும். அந்த முளையின் நீளம் விதிப்படி ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கரை மீட்டர் நீளமுள்ள, எடை இரண்டேகால் கிலோவுக்கு மிகாத அந்தக் கம்பி, எதனாலும் கட்டப்படாமல், அந்த முளைகளின் மேல் சும்மா கிடக்கும். காற்று வேகமாக அடித்தாலே நடுவில் தொய்ந்து ஆடும். தாண்டுபவரின் முழங்கால் லேசாக உரசினால், கம்பி முளைமேல் ஒரு முறை துள்ளி, முன்னே போவதா பின்னே போவதா என்று தயங்கும். தாண்டியவர் அதற்குள் மெத்தையில் மல்லாந்து விழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். கம்பி நின்றுவிட்டால் கூச்சல். விழுந்துவிட்டால் மெத்தையில் ‘டொப்’ என்று ஓர் ஓசை, அதன் பிறகு அமைதி. கழியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்ற எனக்கு அந்த அரை நொடித் தயக்கம் இன்றும் கழுத்து நரம்பில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் பெண்கள் மூன்று மீட்டரைத் தாண்டினாலே திடல் கைதட்டும். இத்தனைக்கும் இந்தியாவில் பெண்களுக்கான இந்தப் போட்டியின் வரலாற்றில் தமிழ்நாட்டுப் பெண்களின் பெயர்கள் முன்வரிசையில் இருக்கின்றன. 2014இல் வி. எஸ். சுரேகா 4.15 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 2022இல் காந்திநகர் தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா பால்ராஜ் 4.20 தாண்டி அதை முறியடித்தார், அதே மாதத்தில் பெங்களூரில் 4.21ஆக உயர்த்தினார். அந்தப் பெண்கள் தங்கள் உயரத்தைவிட இரண்டரை மடங்கு நீளமுள்ள கோல்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகப் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் பக்கத்து மாணவி ஒருத்தியின் கோலைப் பேருந்தின் கூரையில் ஏற்ற மாட்டேன் என்று நடத்துநர் மறுத்துவிட, அவளுடைய அப்பா சரக்கு வண்டி ஒன்றின் ஓட்டுநரிடம் கெஞ்சிக் கோலை அதில் அனுப்பிவிட்டு, மகளைப் பேருந்தில் அழைத்துப் போனார். கோல் போட்டிக்கு முன்னால் வந்து சேருமா என்ற கவலையிலேயே அவள் அன்று ஓடினாள். 4.90 என்ற எண்ணைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

பெண்களுக்கு இந்தப் போட்டி உலகச் சாம்பியன்ஷிப்பில் இடம்பெற்றதே 1999இல்தான். அவ்வாண்டு செவில் நகரில் அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலா 4.60 மீட்டர் தாண்டி முதல் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு சிட்னியில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் தங்கமும் அதே உயரத்தில் அவருக்கே கிடைத்தது. ஆறு ஆண்டுகளுக்குள் ரஷ்யாவின் யெலேனா இசின்பயேவா லண்டனில் 5.00 மீட்டரைத் தாண்டிவிட்டார். 2009 ஆகஸ்டில் சூரிச்சில் அவர் தாண்டிய 5.06 மீட்டரை இன்றுவரை திறந்தவெளியில் எந்தப் பெண்ணும் எட்டவில்லை. இந்தச் சாதனைக்குச் சில நாட்களே முன்னர், பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் எந்த உயரத்தையும் தாண்டாமல் வெளியேறினார் என்பதுதான் இதில் வேடிக்கை. மற்றவர்கள் கீழே தாண்டிக்கொண்டிருக்க, 4.75 மீட்டரில் முதல் முறையாகக் களத்துக்கு வந்து, அதில் தவறி, மீதி இரண்டு முயற்சிகளை 4.80க்கு ஒதுக்கி, அவற்றிலும் தவறினார். போலந்தின் அன்னா ரோகோவ்ஸ்கா 4.75இல் தங்கம் வென்றார். சற்றுக் கீழே 4.65 மீட்டரில் மோனிகா பைரெக்கும் செல்சி ஜான்சனும் எல்லா வகையிலும் சமமாக நின்றதால் இருவருக்கும் வெள்ளி கிடைத்தது. அந்த வெள்ளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த விளையாட்டில் வென்றவர் யார் என்று தீர்மானிக்கும் முறையை, முதல் முறை பார்ப்பவருக்கு விளக்குவது கடினம். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று முயற்சிகள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டி முடிந்தது. இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்தக் கடைசி உயரத்தைத் தாண்டுவதற்குள் யார் குறைவான முறை தவறினார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமானால், அந்த உயரம் வரைக்கும் போட்டி முழுவதிலும் யார் குறைவாகத் தவறினார் என்று எண்ணுவார்கள். ஆகவே, மாலை வெயிலில் 4.50 மீட்டரில் கவனக்குறைவாகத் தட்டிவிட்ட கம்பி, இரவு 4.85 மீட்டரில் வந்து கழுத்தைப் பிடிக்கும். இதன் கசப்பை அமெரிக்காவின் சாண்டி மோரிஸ் அளவுக்கு அறிந்தவர் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிரீஸின் கட்டெரினா ஸ்டெஃபனிடியும் அவரும் 4.85 தாண்டினார்கள், எண்ணிக்கையில் தங்கம் ஸ்டெஃபனிடிக்குப் போனது. 2022இல் யூஜீனில் மூனும் அவரும் 4.85 தாண்டினார்கள், எண்ணிக்கையில் மறுபடியும் வெள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜென் சூருக்கும் கியூபாவின் யாரிஸ்லி சில்வாவுக்கும் 4.75 மீட்டரில் நடந்ததும் இதேதான். பெண்களின் கோலூன்றித் தாண்டுதலில் பெரிய தங்கங்கள் பல, தாண்டிய உயரத்தால் அன்றித் தட்டிவிட்ட கம்பிகளின் எண்ணிக்கையால் தீர்ந்தவை.

புடாபெஸ்டில் 4.80 மீட்டர் வரைக்கும் வந்த முர்டோ அதோடு நின்று வெண்கலத்துக்கு உரியவரானார். மேலே மூனும் கென்னடியும் மட்டும். கம்பி 4.90 மீட்டருக்கு ஏறியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன், தண்ணீர் குடிக்க வந்த அக்கா “இன்னுமா தூங்கல?” என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தானும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். இருவரும் முதல் முயற்சியில் தவறினார்கள். இரண்டாவதிலும் தவறினார்கள். ஒருவர் தாண்டி மற்றவர் தவறினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்ற நிலையில், ஆளுக்கு ஒரே ஒரு முயற்சி மீதமிருக்க, இருவருமே மூன்றாவதில் தாண்டினார்கள். கென்னடிக்கு அது ஆஸ்திரேலியச் சாதனை. அவர் மெத்தையில் விழுந்து எழுந்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடத் திகைப்பே மிகுந்திருந்ததாக எனக்குப் பட்டது. அதன் பிறகு 4.95. மூன் 2021இல் தாண்டியிருக்கும் உயரம், கென்னடி அதுவரை தொட்டிராத உயரம். இருவரும் மும்முறையும் தவறினார்கள். திரையில் பட்டியல் வந்தது. கடைசி உயரத்தில் ஆளுக்கு இரண்டு தவறு. அதற்குக் கீழே எண்ணிப் பார்த்தாலும் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. எண்ணுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை.

விதிப்படி, முதல் இடத்துக்கு இப்படி ஒரு சமநிலை வந்தால் ‘ஜம்ப்-ஆஃப்’ என்ற கூடுதல் சுற்று உண்டு. ஆனால் இருவரும் இனித் தாண்ட வேண்டாம் என்று முடிவு செய்தால், இருவரும் முதலிடத்திலேயே இருப்பார்கள். மூனும் கென்னடியும் அருகருகே வந்தார்கள், ஓரிரு சொற்கள் பேசினார்கள், கட்டிக்கொண்டார்கள். எல்லாம் சில நொடிகள்தாம். அரங்கம் ஆர்ப்பரித்தது.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நள்ளிரவு தாண்டும் வரைக்கும் விழித்திருந்தவனுக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற பேராசை. ஐந்து நாள் ஆடிய டெஸ்ட் போட்டி டிராவில் முடிந்தால் வருகிற ஏமாற்றத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது, ஏனென்றால் இங்கே ஒரு முடிவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அதை வேண்டாம் என்றார்கள். மறுநாள் இணையத்தைத் திறந்தால், நான் ஏமாற்றம் என்று நினைத்ததைப் பலர் அவமானம் என்று எழுதியிருந்தார்கள். கோழைகள் என்ற சொல்லும் இருந்தது. இதே முடிவை 2021 டோக்கியோவில் கத்தாரின் முதாஸ் பார்ஷிமும் இத்தாலியின் ஜியான்மார்கோ டாம்பெரியும் உயரம் தாண்டுதலில் 2.37 மீட்டரில் எடுத்தபோது, உலகம் கண்ணீர் மல்க வாழ்த்தியதை நான் மறக்கவில்லை. அப்போதும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அணைப்பு சுவரொட்டியாயிற்று, இந்த அணைப்பு விசாரணைக்கு உள்ளாயிற்று. ஆண்கள் பகிர்ந்தால் பெருந்தன்மை, பெண்கள் பகிர்ந்தால் பயம் என்று ஒரு கணக்கு இதற்குள் ஒளிந்திருப்பதாக நான் நினைக்கிறேன்.

மூன் சமூக வலைத்தளத்தில் இதற்கு நீண்ட பதில் ஒன்றை எழுதினார். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லை. இது போன்ற விளையாட்டில் உடலுக்கு ஓர் எல்லை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது என்பதையும், ஒவ்வொரு தாண்டலாக மோதிப் பார்த்து இருவருமே அன்றிரவு தங்கத்துக்கு உரியவர்கள் என்பதைத் தாங்கள் நிறுவிவிட்டதையும் அவர் தெளிவாகச் சொன்னார். அதைப் படித்த பிறகுதான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கூடுதல் சுற்று என்றால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். கம்பி முதலில் அவர்கள் கடைசியாகத் தாண்டிய உயரத்துக்கு அடுத்த உயரத்தில், அதாவது 4.95இல், இருக்கும். ஆளுக்கு ஒரே முயற்சி. இருவரும் தவறினால் ஐந்து சென்டிமீட்டர் இறக்குவார்கள். இருவரும் தாண்டினால் ஐந்து ஏற்றுவார்கள். ஒருவர் தாண்டி மற்றவர் தவறும் வரைக்கும் இது தொடரும். மும்முறை தவறிய உயரத்தில் நான்காம் முறையும் தவறுவதே இயல்பு. அப்புறம் 4.90, அப்புறம் 4.85 என்று கம்பி கீழே இறங்கிக்கொண்டே வரும். அவர்கள் ஏற்கெனவே தாண்டிவிட்ட உயரங்களை, கால் ஓய்ந்த நிலையில், மறுபடி தாண்டச் சொல்கிறோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் உயரம் தாண்டுதலில் இதைக் கண்ணாரக் கண்டோம். நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் 2.36 மீட்டரில் சமமாக நின்று, கூடுதல் சுற்றுக்குப் போய், மாறி மாறித் தவறி, கடைசியில் 2.34 மீட்டரைத் தாண்டிக் கெர் வென்றார். பார்க்கப் பரபரப்பாக இருந்தது. கெர் திடலின் குறுக்கே ஓடியதைப் பார்த்து நானும் கத்தினேன். ஆனால், 2.36 தாண்டியவரை 2.34 தாண்டச் சொல்லிப் பார்த்துத்தான் அவருடைய பெருமையை உறுதி செய்ய வேண்டுமா என்ற கேள்வி அன்றும் என்னை விடவில்லை. அவர்கள் தேர்ந்த வழி அது, அதில் எனக்குக் குறை இல்லை. அந்த வழியைத் தேராதவர்களைக் கோழைகள் என்பதில்தான் குறை.

மேலும், உயரம் தாண்டுதலும் கோலூன்றித் தாண்டுதலும் ஒன்றல்ல. கையில் நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட கண்ணாடியிழைக் கோலைச் சுமந்துகொண்டு, பதினான்கு பதினாறு எட்டுகள் முழு வேகத்தில் ஓடி, இருபது சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு பெட்டிக்குள் அதன் நுனியைச் சொருக வேண்டும். நொடிக்கு எட்டரை மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் ஓட்ட ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், அவருடைய உடலின் நடுப்புள்ளி ஏறத்தாழ 3.7 மீட்டர் மேலே போகும். ஓடும்போதே அது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதைக் கூட்டினால் 4.7. அதற்கு மேலே தேவைப்படும் இருபது சென்டிமீட்டரைத் தலைகீழாகத் தொங்கும் நிலையில் தோளும் கையும் கோலைத் தள்ளித் தேடித்தர வேண்டும், வளைந்து நிமிரும் கோலில் வீணாகும் ஆற்றலையும் அவையே ஈடுகட்ட வேண்டும். ஓட்டத்தில் வேகம் சற்றுக் குறைந்தாலும் வளைந்த கோல் நேராக நிமிராது. நிமிராத கோல் தாண்டுபவரை மெத்தைக்கு அனுப்பாமல், வந்த வழியே ஓடுபாதைக்குத் திருப்பி அனுப்பும். கோலே முறிந்துவிடுவதும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் மழையில் நடந்த தகுதிச் சுற்றில் சாண்டி மோரிஸின் கோல் முறிந்து, அவர் காயம்பட்டு, இறுதிச் சுற்றுக்குள் வராமலே போனார்.

அன்றிரவு மூனும் கென்னடியும் கடைசி இரண்டு உயரங்களில் மட்டும் ஆளுக்கு ஆறு முறை அப்படி ஓடியிருந்தார்கள். அதற்கு முந்தைய உயரங்கள் தனி. இரண்டு நாள் முன்பு நடந்த தகுதிச் சுற்று தனி. களத்தில் பலர் இருக்கும்போது ஒரு தாண்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மணி நேரம்கூட ஓய்வு கிடைக்கும். இருவர் மட்டும் மிஞ்சிவிட்டால் முறை உடனுக்குடன் வந்துவிடும். ஒவ்வொரு முயற்சியையும் தொடங்க இரண்டு நிமிடம்தான் கணக்கு. இந்த நிலையில் ஏழாவது, எட்டாவது ஓட்டத்தில் நாம் அளப்பது யார் உயரமாகத் தாண்டுகிறார் என்பதை அல்ல, யாருடைய தொடை முதலில் கைவிடுகிறது என்பதை. அதையும் ஒரு போட்டியாக ரசிக்கலாம். அதற்குப் பெயர் கோலூன்றித் தாண்டுதல் இல்லை, அவ்வளவுதான். பெர்லினில் இரண்டு பேர் வெள்ளியைப் பகிர்ந்தபோது நாம் யாரும் அவர்களை மறுபடி ஓடச் சொல்லவில்லை. தங்கம் என்றதும் மட்டும் நமக்கு ஒருவர் கண்ணீரும் மற்றவர் சிரிப்பும் சேர்ந்து தேவைப்படுகின்றன.

சமமானவர்களைப் பிரிக்க நேர்வதன் சங்கடத்துக்கு, இதே விளையாட்டில், புடாபெஸ்டுக்கு எண்பத்தேழு ஆண்டுகள் முந்தைய கதை ஒன்று உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆண்கள் கோலூன்றித் தாண்டுதல் இருட்டிய பிறகும் விளக்கொளியில் நீண்டது. அமெரிக்காவின் ஏர்ல் மெடோஸ் 4.35 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றுவிட்டார். ஜப்பானின் ஷூஹெய் நிஷிடாவும் சுவேயோ ஓஏயும் 4.25இல் சமமாக நின்றார்கள். இரண்டாம் இடத்துக்காக ஒருவரோடு ஒருவர் இனி மோதுவதில்லை என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். பகிர்ந்துகொள்ள அன்று வழியில்லாததால், அந்த உயரத்தைக் குறைந்த முயற்சியில் தாண்டிய நிஷிடாவுக்கு வெள்ளி, ஓஏவுக்கு வெண்கலம் என்று ஆயிற்று. ஊர் திரும்பியதும் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பதக்கங்களையும் நட்டநடுவில் அறுத்து, வெள்ளிப் பாதியோடு வெண்கலப் பாதியைச் சேர்த்து ஒட்டி, ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். நட்புப் பதக்கம் என்று ஜப்பானியர்கள் அதைச் சொல்கிறார்கள். ஓஏ 1941இல் போரில் இறந்துபோனார். நிஷிடாவின் பதக்கம் டோக்கியோவில் அவர் படித்த வாசெடா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் வெளுப்பும் மறுபக்கம் செம்பழுப்புமாக, நடுவில் ஒட்டிய கோடு மறையாமல் தெரிகிறது.

புடாபெஸ்டில் யாரும் எதையும் அறுக்க நேரவில்லை. ஆளுக்கு ஒரு முழுத் தங்கம்; இரண்டாம் இடம் காலி; முர்டோவுக்கு வெண்கலம். அதனால்தான் தொடக்கத்தில் ‘பாதி’ என்று எழுதியது எனக்கே உறுத்தியது.

பகிர்ந்ததால் அவர்களுடைய போட்டிக் குணம் மழுங்கிவிட்டது என்று சொன்னவர்களுக்குப் பின்னால் நடந்தவற்றைக் காட்டலாம். புடாபெஸ்டுக்குப் பிறகு ஒரு வாரம் கடந்ததும் சூரிச்சில் கென்னடி 4.91 தாண்டித் தம் சாதனையை மேலும் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினார். 2024 ஆகஸ்ட் 7ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவரும் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். இம்முறை கென்னடி 4.90 தாண்டினார், மூன் 4.85இல் நின்றார். கனடாவின் அலிஷா நியூமனும் அதே 4.85 தாண்டியிருந்ததால், வெள்ளி யாருக்கு என்பதை மறுபடியும் தவறுகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்தது, மூனுக்கு வெள்ளி. பெண்கள் கோலூன்றித் தாண்டுதலில் ஆஸ்திரேலியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். அந்தப் போட்டியை நான் அக்காவோடு சேர்ந்து பார்த்தேன். “போன தடவ ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்களே, அவங்கதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப இந்தத் தடவ அந்த வெள்ளக்காரப் புள்ளைக்கு மனசு கஷ்டமா இருக்காது?” என்றார். இருவருமே வெள்ளைக்காரப் பெண்கள்தாம் என்பதை நான் சொல்லவில்லை.

2025 செப்டம்பர் 17ஆம் தேதி டோக்கியோவில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்று நடந்தபோது காயத்தால் கென்னடி வரவில்லை. ஸ்லோவேனியாவின் டினா சுடேய் 4.80 மீட்டரில் வெண்கலம் பெற்றார். சாண்டி மோரிஸ் 4.85 தாண்டி, ரியோ, லண்டன், தோஹா, யூஜீன் ஆகிய இடங்களுக்குப் பிறகு திறந்தவெளியில் தம்முடைய ஐந்தாவது பெரிய வெள்ளியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கேட்டி மூன் 4.90 தாண்டி, தொடர்ந்து மூன்றாவது முறையாக, இந்த முறை தனியாக, உலகச் சாம்பியனானார். நிஷிடாவின் ஒட்டுப் பதக்கம் இருக்கும் பல்கலைக்கழகமும் அதே டோக்கியோவில், அந்த அரங்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.